ஸ்லீவ் (வயிற்றைக் குறைக்கும் ஆபரேஷன்) முடிந்து 14 மாதம், எடை திரும்ப ஏறுகிறது: சோற்றை நிறுத்தி லோ கார்ப் (மாவுச்சத்து குறைத்த சாப்பாடு) போகலாமா?

நொய்யல்கரை:

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்குக் காலையில் எடை மெஷினில் ஏறி இறங்கியதிலிருந்து மனசு சரியில்லை, அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 36, ஊர் திருப்பூர். பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு, அதாவது காலை 9 முதல் இரவு 7 வரை உட்கார்ந்தே பார்க்கிற வேலை. 14 மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஸ்லீவ் செய்துகொண்டேன். அன்றைக்கு 118 கிலோ, உயரம் 158 செ.மீ. முதல் 8 மாதத்தில் 79க்கு வந்துவிட்டேன். பழைய ஜாக்கெட்டுகளைப் பிடிக்கக் கொடுத்தபோது டெய்லர் அக்கா, "இதைப் பிரிச்சுப் பிடிக்கிறதுக்குப் புதுசே தெச்சுக்கலாம் கண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அத்தனை வலியும் தகும் என்று இருந்தது. அதற்கப்புறம் 79, 80 என்று மூன்று மாதம் அங்கேயே நின்றது. இப்போது 83.

நான் ஒன்றும் அதிகமாகச் சாப்பிடவில்லை. காலையில் 2 இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, சாம்பார், ஏதாவது பொரியல், கொஞ்சம் தயிர், ராத்திரி ஒரு தோசை. நடுவில் டீ. அவ்வளவுதான். முன்பு நான் சாப்பிட்டதில் கால்வாசிகூட இல்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த அச்சடித்த தாளில் முதல் இரண்டு மாதத்துக்கு வாரம் வாரமாகப் போட்டிருக்கிறது, அதற்குப் பிறகு "சாதாரண உணவு" என்று ஒரே வரி. எது சாதாரண உணவு?

ஆபீஸில் ஒரு அக்கா, தானியமே சேர்க்காத பேலியோ டயட்டில் 14 கிலோ குறைத்திருக்கிறார். காலையில் 100 பாதாம், மதியம் முட்டை, கறி, சாயங்காலம் வெண்ணெய் டீ. நானும் பாதாமை ஊற வைத்து எடுத்துக்கொண்டு போனேன். 22வது பாதாமில் நெஞ்சு அடைத்து, பாத்ரூமில் போய் நின்றேன்.

கேள்விகள் இவைதான். வயிற்றைக் குறைத்தவர்கள் லோ கார்ப் இருக்கலாமா, கூடாதா? இருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? சோறு, இட்லியை அடியோடு விட வேண்டுமா? முடி இன்னும் கொட்டுகிறது, அது இதனால் கூடுமா? முன்பு சுகருக்கு மூன்று மாத்திரை போட்டேன், இப்போது காலையில் ஒன்று மட்டும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் வேறு, "வவுத்தையும் அறுத்துப்போட்டு இப்ப சோத்தையும் நிறுத்தறாளே" என்று பக்கத்து வீடு வரைக்கும் சொல்லியாகிவிட்டது.


பழைய132:

தங்கச்சி, முதலில் மெஷினைத் திட்டாதீர்கள். எனக்கு பைபாஸ் (இதயத்தில் இல்லை, இரைப்பையில்) ஆகி 6 வருடம். 132ல் இருந்து 84க்கு வந்தேன், இரண்டாம் வருட முடிவில் 95க்கு ஏறினேன், இப்போது 86. ஒன்றரை, இரண்டு வருடம் ஆனதும் கொஞ்சம் திரும்ப ஏறுவது பலருக்கும் நடக்கிறதுதான். ஸ்லீவில் வயிற்றில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், பசியைத் தூண்டுகிற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது, அதனால்தான் முதல் வருடம் பசியே தெரியாமல் ஓடும். அப்புறம் பசி மெதுவாக எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் நாம் என்ன பழக்கத்தில் இருக்கிறோமோ அதுதான் நிற்கும்.

என் 11 கிலோ எப்படி ஏறியது தெரியுமா? மிக்சர். மதுரையில் இருந்து திருமங்கலத்துக்குத் தினமும் பஸ், சாயங்காலம் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் வாங்குவேன். வீட்டில் 2 துண்டு கோழிக்கு மேல் இறங்காது, மூன்றாவது துண்டுக்கு விக்கல் வந்துவிடும். ஆனால் மிக்சர் 200 கிராம் பாக்கெட் ஊர் வருவதற்குள் காலி. வயிறு சின்னதாகிவிட்டதே, இது எங்கே போகிறது என்று நானே யோசித்திருக்கிறேன். விஷயம் ரொம்ப எளிது. கறி, முட்டை, பனீர் மாதிரி கெட்டியான சாப்பாடு வயிற்றில் தங்கும், நேரம் எடுத்துக் கரையும், நிறைந்த உணர்வு வரும். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ரஸ்க், ஐஸ்கிரீம், ஜூஸ் எல்லாம் எச்சிலோடு கலந்து கூழாகி வழுக்கிக்கொண்டு போய்விடும். டீயோடு சேர்த்துச் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம், கழுவி விட்ட மாதிரி இறங்கிவிடும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடி என்று சொல்வதும் இதற்காகத்தான்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி இடிக்கிறது. "நடுவில் டீ, அவ்வளவுதான்." எத்தனை டீ? கூட என்ன? கோபித்துக்கொள்ளாமல் மூன்று நாள் வாயில் போகிற எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதுங்கள், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததையும் சேர்த்து. நான் எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் மிக்சர் எனக்கே கண்ணில் பட்டது.

லோ கார்ப் இருக்கலாமா என்றால், நான் இருக்கிறேன், கிராம் எண்ணாமல். கறி, மீன், முட்டை முதலில். அப்புறம் காய். இடம் இருந்தால் கடைசியில் இரண்டு வாய் சோறு. பல நாள் இடம் இருப்பதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். மெத்தென்று இருக்கும், தொண்டையில் நிற்காது, இரும்புச்சத்து தாராளம். வயிறு குறைத்தவனுக்கென்றே படைத்த மாதிரி ஒரு பொருள், ஆனால் வீட்டில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.


கும்பகோணம்காபி:

அண்ணா எழுதியது எல்லாம் சரி, ஆனால் கறி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது? நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மாம்பலத்தில் இருக்கிறேன், ஸ்லீவ் ஆகி 3 வருடம். லோ கார்ப் என்ற பெயரில் நான் பண்ணின கூத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதல் வருடம் முடிந்து எடை நின்றதும் நெட்டில் பார்த்து ஒரு நாளைக்கு 20 கிராம் கார்ப் என்று இறங்கினேன். சைவத்தில் 20 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்றால் பருப்பு போச்சு, சுண்டல் போச்சு, பால் போச்சு. மிச்சம் என்ன? வெண்ணெய், சீஸ், தேங்காய், கீரை. ஆறு வாரம் அப்படியே ஓட்டினேன். 3 கிலோ இறங்கியது உண்மைதான். ஆனால் ஐந்து நாளைக்கு ஒரு தரம்தான் வெளியே போனேன், மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது, தலை சீவினால் சீப்பில் பாதி முடி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அல்புமின் (ரத்தத்தில் இருக்கிற புரோட்டீன்) கீழே போயிருந்தது. இறங்கின 3 கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு என் சதை என்று அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

தப்பு எங்கே என்றால், நான் கார்பைக் குறைத்தேனே தவிர அந்த இடத்தில் புரோட்டீனை வைக்கவில்லை, நெய்யை வைத்தேன். இந்தச் சின்ன வயிற்றில் இருக்கிற இடம் அவ்வளவுதான், அதில் வெண்ணெய் டீ போய் உட்கார்ந்தால் வேறு எது நுழையும்? வெண்ணெய் டீ எல்லாம் முழு வயிறு உள்ளவர்கள் விளையாட்டு. பாதாமும் அப்படித்தான். 100 பாதாம் என்றால் 120 கிராம் பக்கம், 700 கலோரி வரும், புரோட்டீன் 25 கிராம்தான். முழு வயிற்றுக்கு அதுதான் காலைச் சாப்பாடு. நமக்கு அது ஒரு நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இப்போது நான் 80, 90 கிராம் கார்பில் இருக்கிறேன், சைவத்துக்கு அதற்குக் கீழே போனால் வாழ்க்கை வெறுத்துவிடும். காலையில் தொங்கவிட்ட தயிர். கடைத் தயிரை மெல்லிய வேஷ்டித் துணியில் கட்டி, ராத்திரி ஃப்ரிட்ஜில் ஒரு பாத்திரத்துக்கு மேல் தொங்கவிட்டால் காலையில் சீஸ் மாதிரி கெட்டியாக நிற்கும், உப்பு, மிளகுப்பொடி, ஒரு சிட்டிகை பெருங்காயம். மதியம் பருப்பு உசிலி, ஆனால் அம்மா செய்கிற மாதிரி பீன்ஸ் நிறையப் பருப்பு கொஞ்சம் இல்லை, தலைகீழாக. வடித்த சாதம் இரண்டு ஸ்பூன் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. சாயங்காலம் 50 கிராம் பனீர். ராத்திரி சோயா உருண்டையைக் கொதிநீரில் ஊறவைத்து, பிழிந்து, மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, வெங்காயம் தக்காளியோடு கொத்துக்கறி மாதிரி. முதலில் எனக்கு அந்த வாசனையே குமட்டியது. இஞ்சி அதிகம் போட்டால் அடங்கும். இதிலும் பத்தாமல் போகிற நாளில் வே பொடி, பாலிலிருந்து எடுக்கிற புரோட்டீன் பொடி.

ஒரு விஷயம் மட்டும் எல்லோரும் ஏமாறுவது: சாம்பார். "தினமும் பருப்பு சாப்பிடுகிறேனே" என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும்? புரோட்டீன் 2 கிராம் வந்தால் பெரிசு. இட்லி ஒன்றிலும் 2 கிராம் வந்தால் அதிகம், மாவுச்சத்து மட்டும் 10, 12 கிராம் இருக்கும்.


நெற்களஞ்சியம்:

எல்லோரும் சேர்ந்து அரிசியை வில்லனாக்கிவிட்டீர்கள். எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறு தின்று 90 வயது இருந்தார், தொப்பை இல்லை. வயிற்றை அறுத்த பிறகும் டயட் இருக்க வேண்டும் என்றால் எதற்கு ஆபரேஷன்? லட்சக்கணக்கில் செலவு செய்து கடைசியில் பட்டினிதானா?


பழைய132:

தம்பி, உங்கள் தாத்தா ஏர் பின்னாடி நடந்தார், நான் பஸ்ஸில் உட்கார்ந்து மிக்சர் தின்றேன். ஆபரேஷன் பசியைக் கட்டிக் கொடுக்கும், அளவைக் கட்டிக் கொடுக்கும். தட்டில் எதை வைப்பது என்பதை டாக்டர் தைத்து அனுப்ப முடியாது.

அரிசி வில்லன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கப் அளவு வயிற்றில் முதலில் யார் உட்காருவது என்பதுதான் பேச்சு.

இனிப்பு பற்றி ஒன்று விட்டுவிட்டேன். ஆபரேஷன் ஆகி ஒன்பதாவது மாதம் ஒரு கல்யாணம், இலையில் முதலில் வைத்தது கேசரி, கூடவே பாயசம். "ஒரு வாய்தானே" என்று இரண்டையும் முடித்தேன். இருபது நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. சமையல்காரர்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு கயிற்றுக் கட்டில், அதில் போய்ச் சாய்ந்துவிட்டேன். ஹார்ட் அட்டாக் என்று சொந்தக்காரர்கள் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்கள். டம்பிங் என்று பெயர், சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் கொட்டுவதால் வருவது. அதோடு முடியவில்லை, இரண்டு மணி நேரம் கழித்து சுகர் சடாரென்று இறங்கிக் கை நடுங்கியது. பைபாஸ்காரர்களுக்குத்தான் இது அதிகம், ஸ்லீவில் குறைவு, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. அன்றையிலிருந்து பந்தியில் எனக்குக் கேசரி வைக்க வந்தால் என் பெண்டாட்டி இலையைக் கையால் மூடிவிடுவாள்.


அளவுக்கரண்டி:

நான் டயட்டீஷியன், பேரியாட்ரிக் (எடை குறைப்பு ஆபரேஷன்) வார்டில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். இணையத்தில் ஒருவருக்குச் சாப்பாட்டுத் திட்டம் எழுதிக் கொடுப்பது என் வழக்கமில்லை, உங்கள் ரத்தப் பரிசோதனை எதுவும் என் கையில் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் போக முடியவில்லை: அந்தக் காலை மாத்திரையின் பெயர் என்ன? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சொல்லுங்கள். கார்பைக் குறைத்தால் சுகர் இறங்கும், மாத்திரை பழைய அளவிலேயே ஓடினால் லோ சுகர் ஆகி மயக்கம் வரலாம், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகளில் இது உண்டு. வேறு சில மாத்திரைகளில் வேறு மாதிரி ஆபத்து. பெயரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அதற்குள் பொதுவாகச் சொல்ல வேண்டியவை. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே போனாலே லோ கார்ப் என்றுதான் வழக்கத்தில் சொல்கிறோம், 50க்குக் கீழே போவதைக் கீட்டோ என்கிறோம். எல்லா ஆபரேஷனுக்கும் எல்லா ஆளுக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. ஆனால் புரோட்டீனுக்கு உண்டு: குறைந்தது 60 கிராம், பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 80. நான் நோயாளிகளிடம் கார்பைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. "முதலில் 60 கிராமைத் தொட்டுவிட்டு வாருங்கள்" என்பேன். சின்ன வயிற்றில் 60 கிராம் புரோட்டீனைச் சேர்த்துவிட்டால் கார்ப் தானாகச் சுருங்கிவிடும், இடமிருக்காது.

முடி பற்றிக் கேட்டீர்கள். ஆபரேஷன் ஆகி 3 முதல் 6 மாதத்துக்குள் கொட்டுவது உடம்பு பட்ட அதிர்ச்சியால், அது தானே நிற்கும். 14வது மாதத்திலும் கொட்டினால் புரோட்டீன், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு பார்க்க வேண்டும். பி12, வைட்டமின் டியும் சேர்த்துப் பாருங்கள். ஸ்லீவ்தானே, பைபாஸ் இல்லையே என்று ஒரு வருடத்தில் சத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். நிறுத்தக் கூடாது, ஆயுசுக்கும் போட வேண்டியது. இன்னொன்று, கால்சியமும் இரும்பும் ஒன்றாக விழுங்காதீர்கள், 2 மணி நேரம் இடைவெளி வேண்டும், இரும்பு மாத்திரையோடு டீயும் கூடாது. கால்சியம் வாங்கும்போது சிட்ரேட் என்று பார்த்து வாங்குங்கள், அமிலம் குறைந்த வயிற்றில் கார்பனேட் சரியாக ஏறாது.

இதைப் படிக்கிற புதியவர்களுக்கு: ஆபரேஷன் ஆகி முதல் இரண்டு மாதம் லோ கார்பும் வேண்டாம், பேலியோவும் வேண்டாம். தெளிந்த நீர், பால் போன்ற திரவம், மசித்தது, மிருதுவானது என்று கொடுத்த படிப்படியான தாளின்படியே போங்கள். விடாமல் வாந்தி எடுத்தால் "வயிறு பழகவில்லை" என்று வீட்டில் இருக்காதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) குறைந்து கண், நடை, நினைவு வரைக்கும் பாதிக்கும், அதற்கு ஊசி போட வேண்டும், தாமதிக்கக் கூடாது.

கொங்குப் பக்கத்தில் இருப்பதால் கொள்ளு பற்றி யாராவது உங்களிடம் சொல்லுவார்கள், "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று. நல்ல பொருள்தான், ஆனால் அதிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்து. பருப்பாகக் கடைந்து அளவாகச் சாப்பிடுங்கள், மருந்தென்று நினைத்துக் கிண்ணம் கிண்ணமாக வேண்டாம்.


நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்ன மாதிரி மூன்று நாள் எழுதினேன், எழுதி முடித்துப் பார்க்கும்போது வெட்கமாக இருந்தது.

டீ நான்கு. ஆபீஸில் வருவது சின்ன கப்தான் என்று இவ்வளவு நாள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை, ஆக 8 ஸ்பூன், 32 கிராமுக்குக் குறையாது. நான்கு மணி டீயோடு "ஒரு முறுக்கு" என்று என் மனதில் இருந்தது, எழுதினால் முதல் நாள் 3, இரண்டாம் நாள் 5. பையன் டிபன் டப்பாவில் மிச்சம் வைத்துக் கொண்டுவந்த தயிர் சாதம், "வீணாகப் போகுதே" என்று நின்றபடியே. மொத்தமாகக் கூட்டினால் புரோட்டீன் 28 கிராம். 60 கேட்கிறார்கள், நான் பாதியைக்கூடத் தொடவில்லை. பசித்த மாதிரியே இருந்தேன், எடையும் ஏறியது, இரண்டும் ஒன்றாக எப்படி என்று இத்தனை நாள் புரியாமல் இருந்தது.

மேடம், மாத்திரையின் பெயர் டாபாக்ளிஃப்ளோசின்.


அளவுக்கரண்டி:

நல்ல வேளை கேட்டேன். கார்பை அடியோடு குறைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு அப்படியே நிறுத்தி வையுங்கள். இந்த வகை மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. அதோடு மாவுச்சத்தையும் ரொம்பக் குறைத்தால், அல்லது வாந்தி எடுத்துச் சாப்பாடு இறங்காமல் போனால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். இதில் ஏமாற்று வேலை என்னவென்றால் சுகர் மெஷினில் 150, 180 என்று சாதாரணமாகவே காட்டும், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்குவது, அசாத்தியச் சோர்வு, இவை வந்தால் சுகர் எண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். இன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து, "சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன், இந்த மாத்திரையை என்ன செய்வது" என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள்.

டீயில் சர்க்கரையையும் முறுக்கையும் நிறுத்துவதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.


கும்பகோணம்காபி:

டீயில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாதே அம்மா, நான் நிறுத்திவிட்டு நான்காவது நாள் அரைக் கிலோ அல்வாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறை. நாக்கு அடம் பிடிக்கும், பத்து நாளில் மறந்துவிடும். காபிக்காரி நானே மறந்தேன்.


நெற்களஞ்சியம்:

நானும் சும்மா இருக்காமல் எழுதிப் பார்த்தேன். ஆபரேஷன் எல்லாம் எனக்குக் கிடையாது. டீ ஆறு. இதற்கு மேல் நான் பேசவில்லை.


நொய்யல்கரை:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், இதை யாராவது பின்னால் தேடி வந்தால் பயன்படும் என்று.

டாக்டர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார், பார்த்துவிட்டு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார், அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் சாப்பாட்டை மாற்றினேன். ஃபெரிட்டின் 9. டாக்டர் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, "சத்து மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?" என்றுதான் கேட்டார், திட்டக்கூட இல்லை. நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. இப்போது இரும்பு ராத்திரி, கால்சியம் காலையிலும் மதியமும்.

காலையில் 2 முட்டை, வெங்காயம் போட்டு. 11 மணிக்கு வே பொடி தண்ணீரில். முதல் வாரம் சுண்ணாம்புத் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது, இப்போது இன்ஸ்டன்ட் காபிப் பொடி கால் ஸ்பூன் கலக்கிக்கொள்கிறேன். மதியம்தான் சோதனை. நாட்டுக்கோழி எனக்கு ஆகவில்லை, நார் நாராக நின்று நுரை நுரையாக வாந்தி வந்தது. முந்தின நாள் கறியைச் சுடவைத்தாலும் அப்படித்தான். பிராய்லர் கோழியைச் சுண்டைக்காய் அளவுக்குப் பொடியாக நறுக்கி, பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு, ஆனால் தண்ணீர் சுண்டுவதற்கு முன்னாலேயே இறக்கிவிடுகிறேன். ஈரம் இருந்தால் இறங்குகிறது. 60 கிராம் பக்கம் சாப்பிட முடிகிறது, அரை மணி நேரம் ஆகிறது. கூட ஒரு கீரை. சோறு சில நாள் இரண்டு ஸ்பூன், சில நாள் இல்லை. சாயங்காலம் கும்பகோணம் அக்காவின் தொங்கவிட்ட தயிர், துணிக்குப் பதில் எங்கள் கம்பெனி வெள்ளை பனியன் துணி, வெந்நீரில் அலசியது, இன்னும் நன்றாக வடிகிறது. ராத்திரி மீன் அல்லது இன்னொரு முட்டையோடு பாதி தோசை. இட்லி ஞாயிற்றுக்கிழமை ஒன்று, முட்டைக்கு அப்புறம். புரோட்டீன் 65, 70 வருகிறது. கார்ப் 70, 80 இருக்கும் என்று நினைக்கிறேன், மேடம் சொன்ன மாதிரி அதைத் தனியாக எண்ணவில்லை.

எடை 80.6. வேகமாக ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு மணிக்கு முன்பெல்லாம் வந்துகொண்டிருந்த கை நடுக்கம் இப்போது வரவில்லை, அதுதான் பெரிய வித்தியாசம், இத்தனை நாள் அதை வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். முதல் இரண்டு வாரம் மலச்சிக்கல் இருந்தது, தண்ணீரை இரண்டு லிட்டருக்குக் கொண்டுபோன பிறகு பரவாயில்லை. தண்ணீருக்காகவே போனில் அலாரம் வைத்து, பக்கத்து சீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். முடி இன்னும் கொட்டத்தான் செய்கிறது, கொஞ்சம் குறைவாக.

மாமியார் இப்போது கோழி நறுக்கும்போதே எனக்கென்று ஒரு கிண்ணம் பொடியாக நறுக்கித் தனியாக எடுத்து வைக்கிறார். வாயில் மட்டும் இன்னும் "சோறில்லாம என்ன சாப்பாடோ" என்பது நிற்கவில்லை.

வருகிற வாரம் ஆடிப்பெருக்கு. வீட்டில் தேங்காய்ச் சாதம், புளிசாதம், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை செய்து ஆற்றங்கரைக்கு எடுத்துப் போவோம். முதலில் சுண்டல், அப்புறம் தேங்காய்ச் சாதம் இரண்டு ஸ்பூன், பொங்கல் ஒரு வாய் என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானே?


பழைய132:

சரிதான். தூக்குப் போசியில் இருந்து நேராகச் சாப்பிடாமல் வீட்டிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டு போங்கள். ஆற்றங்கரையில் காற்று வாங்கிக்கொண்டு பேசிக்கொண்டே எடுத்தால் உங்கள் இரண்டு ஸ்பூன் என் மிக்சர் பாக்கெட் மாதிரி ஆகிவிடும்.